எட்டு மணி நாடகம் எங்கே போனது?

மாதர் சங்கக் கூட்டத்துக்கு நேரம் குறிப்பது ஒரு காலத்தில் மிகக் கவனமாகச் செய்ய வேண்டிய வேலையாக இருந்தது. பகலில் வைத்தால் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் வரமாட்டார்கள். மாலை ஆறரை மணிக்கு மேல் வைத்தால் ஒருவருமே வரமாட்டார்கள். வந்தவர்களும் "மிஸ், நாடகம் தொடங்கப் போகுது" என்று ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள். நான் களப்பணிக்குப் புதிதாக வந்தபோது மூத்த உத்தியோகத்தர் ஒருவர் எனக்குச் சொல்லித் தந்த முதற்பாடம், கிராமத்தில் எந்த நாடகம் எத்தனை மணிக்குப் போகிறது என்பதை அறிந்து வைத்திருக்க வேண்டும் என்பதுதான்.

இப்போது அந்தப் பாடம் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. கூட்டம் எட்டு மணி வரை நீண்டாலும் இளம் பெண்கள் அவசரப்படுவதில்லை. "அது பிறகு போனில பாக்கலாம்" என்கிறார்கள். எழுந்து போகிறவர்கள் வயதான அம்மாமார் மட்டுமே. ஒரு கூட்டத்துக்குள்ளேயே இரண்டு வகையான தொலைக்காட்சிப் பார்வையாளர்கள் உருவாகியிருக்கிறார்கள். ஒரு பகுதியினர் நாடகத்தின் நேரத்துக்காகக் காத்திருக்கிறார்கள். மற்றப் பகுதியினருக்காக நாடகம் காத்திருக்கிறது.

சிறிய மாற்றம்போலத் தோன்றினாலும் இது எமது வீடுகளின் நேரத்தையும் பணத்தையும் மன அமைதியையும் தொடுகின்ற மாற்றம். குறிப்பாகப் போரினால் துணையை, பிள்ளைகளை, வீடுவாசலை இழந்து, தனியாகக் குடும்பத்தைத் தாங்கி நிற்கும் பெண்களுக்கு இதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. அவற்றைப் பிரித்தறிந்து கொண்டால்தான் எம்மால் சரியான முடிவுகளை எடுக்க முடியும்.

கம்பி வருவதற்கு முன்னர்

இலங்கையில் தொலைக்காட்சி 1979 இல் ஆரம்பமானது. 1982 இல் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. எண்பதுகளில் வடபகுதியில் வசதியான வீடுகளின் கூரைகளுக்கு மேல் உயர்ந்து நின்ற அன்ரனாக்கள் பல தமிழ்நாட்டுப் பக்கமாகத் திரும்பியிருந்தன. காற்று அடித்தால் படம் மறையும். யாராவது ஒருவர் வெளியே போய் அன்ரனாவைத் திருப்ப, உள்ளேயிருந்து "சரி, சரி, விடு" என்று சத்தம் வரும்.

1990 இல் அதுவும் நின்றது. வடக்குக்கு ஒளிபரப்பைக் கொண்டுவந்த கொக்காவில் கோபுரம் போரில் அழிந்தது. புதிய கோபுரம் 2011 இல்தான் அங்கு திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதிருந்த அந்த ஆண்டுகளில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, ஒரே இரவில் மூன்று நான்கு படங்களை அயலவர் எல்லோரும் கூடியிருந்து பார்த்த கதையை எங்கள் அம்மாமார் இன்றும் சொல்வார்கள்.

இதற்கிடையில் வெளியே உலகம் மாறிக்கொண்டிருந்தது. 1993 இல் சென்னையில் சன் ரிவி தொடங்கியது. இலங்கையில் 1998 இல் சக்தி ரிவியும், 2009 இல் வசந்தம் ரிவியும் வந்தன. தமிழ் நாடகங்கள் தினந்தோறும் மாலையில் தொடராக வரும் வழக்கம் வேரூன்றியது. எம்மில் பலர் அப்போது இடம்பெயர்ந்து மரத்தின் கீழும் தறப்பாளின் கீழும் இருந்தோம். 2009 இல் போர் முடிந்து, முகாம்களிலிருந்து மீள்குடியேறி, வீட்டுத்திட்டம் கிடைத்து, மின்சாரமும் வந்த பிறகுதான் வன்னிப் பகுதியின் பல வீடுகளில் முதன்முதலாக ஒரு தொலைக்காட்சிப் பெட்டி நிலையாக ஓர் இடத்தில் இருந்தது. அதன் பின்னால் கேபிள் கம்பியும் வந்தது.

கேபிள் என்பது விளங்கிக்கொள்ளக் கடினமான விடயமல்ல. ஓர் இடத்தில் பெரிய டிஷ்களை வைத்து, செய்மதியிலிருந்து வரும் அலைவரிசைகளைப் பிடித்து, அவற்றைக் கம்பி வழியாக வீடு வீடாகக் கொடுப்பதுதான் கேபிள். அதற்கு மூன்று குணங்கள் உண்டு. முதலாவது, மாதம் ஒரு தொகை. இருபத்துநான்கு மணித்தியாலமும் பார்த்தாலும் அதே காசு, பார்க்காமல் விட்டாலும் அதே காசு. இரண்டாவது, எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் ஒரே காட்சி. மூன்றாவது, எதைக் காட்டுவது என்பதை வேறு யாரோ எங்கோ தீர்மானிக்கிறார்கள். எம்மிடம் இருப்பது ரிமோட் மட்டுமே.

இந்தக் கேபிள் தொலைக்காட்சி எமது பெண்களுக்குப் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. கணவரை இழந்த ஒரு சகோதரி என்னிடம் சொன்னார்: "இரவில ஒரு ஆம்பிளையின்ர குரல் வீட்டுக்குள்ள கேட்டுக்கொண்டிருக்கட்டும் எண்டுதான் மிஸ் ரிவியைப் போட்டு விடுறனான். றோட்டால போறவனுக்கு வீட்டில ஆரோ இருக்கினம் எண்டு தெரியோணும்." அவர் அந்த நாடகத்தைப் பார்க்கவில்லை. அடுப்படியில் பிள்ளைகளுக்குப் புட்டு அவித்துக்கொண்டிருந்தார். அந்த மாதக் கட்டணத்தை வீட்டுக்கு ஒரு காவலாகவே அவர் கணக்கில் சேர்த்திருந்தார்.

பெட்டியும் கைத்தொலைபேசியும்

2000களின் பிற்பாதியில் இலங்கையில் டயலொக் தொலைக்காட்சியும், ரெலிகொம்மின் பியோ ரிவியும் வந்தபோது தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டி வந்து அமர்ந்தது. அதிலிருந்துதான் மாற்றம் தொடங்கியது. பழைய முறையில் படம் அலையாக வந்தது, அலையாகவே போனது. டிஜிற்றல் முறையில் படமும் ஒலியும் எண்களாக மாற்றப்பட்டு வருகின்றன. எண்களாக மாறிய பொருளைச் சேமித்து வைக்கலாம், நிறுத்தலாம், பின்னோக்கிப் போகலாம், இன்னொரு கருவிக்கு அனுப்பலாம். ஒளிபரப்பாகும் நேரத்துக்கும் பார்க்கும் நேரத்துக்கும் இருந்த கட்டு அதனால் அவிழ்ந்தது.

அடுத்த படியில் பெட்டியும் தேவையற்றதாகியது. 2013 இல் இலங்கையில் 4ஜி சேவை தொடங்கியது. இந்தியாவில் 2015 இல் ஹொட்ஸ்ரார், 2017 இல் சன் நெக்ஸ்ற் ஆகியன தோன்றின. 2016 ஜனவரியில் நெட்பிளிக்ஸ் ஒரே நாளில் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குத் தன் கதவைத் திறந்தபோது இலங்கையும் அதில் சேர்ந்தது. ஆனால் எமது கிராமங்களில் இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது பெரும்பாலும் யூரியூப்தான். மாதச் சந்தா கட்ட வங்கி அட்டை வேண்டும். யூரியூப்புக்கு ஒரு ரீலோட் போதும். இந்திய அலைவரிசைகள் பல தம் நாடகங்களை முழுமையாகவோ துண்டு துண்டாகவோ அதில் ஏற்றுகின்றன.

உலகம் எந்தப் பக்கம் போகிறது என்பதை இரண்டு கணக்குகள் காட்டும். கேபிள் தொலைக்காட்சி பிறந்த நாடான அமெரிக்காவில், பார்வையாளரை அளக்கும் நீல்சன் நிறுவனத்தின் கணக்கின்படி, 2022 ஜூலையில் முதன்முறையாக இணையவழிப் பார்வை கேபிளை முந்தியது. அப்போது இணையத்துக்கு 34.8 சதவீதமும் கேபிளுக்கு 34.4 சதவீதமும் இருந்தன. 2025 மே மாதத்தில் இணையவழிப் பார்வை 44.8 சதவீதமாகி, கேபிளும் சாதாரண ஒளிபரப்பும் சேர்ந்த 44.2 சதவீதத்தையும் தாண்டியது. இந்தியாவில், கட்டணம் செலுத்தி வீட்டு டிஷ் வழியாகப் பார்க்கும் இணைப்புகள் 2020 இன் இறுதியில் 7 கோடி அளவில் இருந்தன. 2025 மார்ச்சில் அவை 5 கோடி 70 இலட்சம் அளவுக்குக் குறைந்துவிட்டன.

எமது பகுதிகளில் இந்த மாற்றத்தை விரைவுபடுத்தியவை இரண்டு கஷ்டகாலங்கள். 2020 இல் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, நகையை அடகு வைத்தாவது பிள்ளைக்கு ஒரு ரச் போன் வாங்கிக் கொடுத்த தாய்மார் பலர். படிப்புக்கென்று வீட்டுக்குள் வந்த தொலைபேசி, படிப்பு முடிந்த பிறகும் வீட்டில் இருந்தது. பின்னர் 2022 இன் பொருளாதார நெருக்கடி வந்தது. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. சுவரோரத்துத் தொலைக்காட்சி இருண்டு கிடந்தது. கையிலிருந்த போனில் மின்னேற்றம் இருக்கும் வரை நாடகம் ஓடியது. மின்சாரம் சீரான பிறகும் பலர் பழைய பழக்கத்துக்குத் திரும்பவில்லை. சிலர் கேபிளையே கழற்றிவிட்டார்கள்.

எமக்குக் கிடைத்தது

இந்த மாற்றத்தினால் பெண்களுக்குக் கிடைத்த முதல் நன்மை நேரம். நாடகத்தின் நேரத்தைத் தீர்மானித்தவர்கள் எமது வீட்டு வேலையின் நேரத்தை அறிந்தவர்களல்லர். ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் அதிகாலையில் ஏறி இருட்டிய பின் வந்து இறங்கும் பெண், முன்பெல்லாம் வார இறுதியில் அயல்வீட்டாரிடம் கதை கேட்டுத்தான் தெரிந்துகொள்வாள். இப்போது பஸ்ஸிலேயே பார்த்து முடித்துவிடுகிறாள். படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பராமரிக்கும் பெண், மாமியார் தூங்கிய பின் பார்க்கிறாள். நாடகம் பார்ப்பதற்காகச் சோறு கரிந்தது என்ற ஏச்சும் குறைந்திருக்கிறது.

இரண்டாவது நன்மை, தேடிப் பார்க்கும் வசதி. எமது குழுவில் இருக்கும் ஒரு சகோதரி, போரில் ஒரு காலை இழந்தவர். தையல் பயிற்சிக்குப் பட்டினம் வரை போய்வர அவரால் முடியவில்லை. சட்டை வெட்டும் முறையை யூரியூப்பில் பார்த்தார். விளங்காத இடத்தில் நிறுத்தினார், பின்னுக்குப் போனார், மீண்டும் பார்த்தார். "இந்த ரீச்சர் எத்தினை தரம் கேட்டாலும் கோவிக்க மாட்டா" என்று சிரித்தார். இன்று ஊர்ப் பிள்ளைகளின் பாடசாலைச் சீருடைகள் அவரிடம் வருகின்றன. கேபிளில் எத்தனை அலைவரிசைகள் இருந்தாலும், அவர் கேட்ட நேரத்தில் அவர் கேட்ட பாடத்தை எந்த அலைவரிசையும் காட்டியிருக்காது.

நாம் இழந்தது

ஆனால் ஒரு வீட்டில் ஐந்து பேர் ஒரே திரையைப் பார்த்த காலம் போய், மூன்று திரைகளை மூன்று பேர் மூன்று மூலைகளில் இருந்து பார்க்கும் காலம் வந்திருக்கிறது. சமூகவியல் படித்தபோது கூட்டாகப் பார்த்தல், தனியாகப் பார்த்தல் என்று புத்தகத்தில் வாசித்த வேறுபாட்டை இப்போது வீட்டுத் தரிசிப்பின்போது கண்ணால் காண்கிறேன்.

மீள்குடியேற்றத்தின் ஆரம்ப ஆண்டுகளில் தொலைக்காட்சி எல்லா வீட்டிலும் இருக்கவில்லை. இருந்த வீட்டுக்கு மற்றவர்கள் பாயையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். விளம்பரம் போகும் நேரத்தில்தான் உண்மையான பேச்சு நடக்கும். யாருக்குச் சுகமில்லை, யாருடைய மகனுக்கு விடுதலை கிடைத்தது, யார் இரண்டு நாட்களாக அடுப்பு மூட்டவில்லை என்பதெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் வெளியே வரும். நாடகத்தில் ஒரு தாய் அழும்போது, தன் துக்கத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாத பெண்ணும் அழுவாள். பக்கத்தில் இருப்பவள் அவளுடைய கையைப் பிடிப்பாள். அது நாடகத்துக்கான அழுகையல்ல என்பது இருவருக்கும் தெரியும். எந்த உளவளத்துணைப் பயிற்சியும் இல்லாமல், எந்த நிறுவனமும் ஒழுங்கு செய்யாமல், அந்த ஆறுதல் நடந்துகொண்டிருந்தது.

போனில் பார்க்கும் பெண் காதில் வயரை மாட்டிக்கொண்டு தனியாக அழுகிறாள். அவள் அழுவது பக்கத்து அறையில் இருப்பவருக்கும் தெரிவதில்லை.

சில்லறையாகப் போகும் காசு

கேபிள் கட்டணம் கண்ணுக்குத் தெரிந்த செலவு. மாதத்தில் ஒரு நாள் பிள்ளை ஒருவர் துண்டோடு வந்து நிற்பார். கொடுக்க முடியாவிட்டால் "அடுத்த கிழமை வாங்கோ தம்பி" என்று சொல்லலாம். டேட்டாவுக்கு அப்படித் தவணை சொல்ல முடியாது. இன்று நூறு ரூபா, நாளை மறுநாள் இன்னொரு நூறு ரூபா என்று கடையில் பாணோடும் தேயிலையோடும் சேர்ந்து போய்விடுகிறது. மாத முடிவில் எவ்வளவு போனது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 2022 செப்டெம்பரில் தொலைபேசி, இணையக் கட்டணங்கள் 20 சதவீதத்தாலும் கட்டணத் தொலைக்காட்சி 25 சதவீதத்தாலும் உயர்த்தப்பட்ட பின்னர், இந்தச் சில்லறைக் கணக்கு இன்னும் கனமாகிவிட்டது.

ஒரு சிறிய கணக்குப் பார்ப்போம். நெட்பிளிக்ஸ் நிறுவனம் தன் வாடிக்கையாளருக்குச் சொல்லும் அளவின்படி, நடுத்தரத் தரத்தில் ஒரு மணித்தியாலம் பார்க்க ஏறத்தாழ 0.7 ஜீபி டேட்டா போகும். உயர் தெளிவில் பார்த்தால் மணித்தியாலத்துக்கு 3 ஜீபி வரை போகும். தினமும் ஒரு மணித்தியாலம் பார்ப்பவருக்கு, முதல் முறையில் மாதம் 21 ஜீபி. இரண்டாவது முறையில் 90 ஜீபி. கதை ஒன்றுதான், அழுகையும் ஒன்றுதான். செலவு மட்டும் நான்கு மடங்குக்கும் அதிகம். உள்ளங்கையளவு திரையில் இந்த இரண்டு தரத்துக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதுமில்லை. வீட்டில் மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்தால் இந்தக் கணக்கை மூன்றால் பெருக்க வேண்டும். கேபிளில் ஐந்து பேர் பார்த்தாலும் ஒரே கட்டணம்தான் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

ஆகவே சகோதரிகளே, ஒரு கொப்பியை எடுங்கள். ஒரு மாதம் மட்டும், வீட்டிலுள்ள எல்லாத் தொலைபேசிகளுக்கும் போட்ட ரீலோட்டைத் திகதியோடு எழுதுங்கள். யூரியூப்பில் படத்தின் தரத்தை 360 அல்லது 480 இல் வையுங்கள். பகலில் அல்லது நள்ளிரவில் மலிவாகக் கிடைக்கும் டேட்டாப் பொதிகள் உங்கள் நேரத்துக்குப் பொருந்துகின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். மாத முடிவில் அந்தக் கொப்பியை, கேபிளுக்குக் கட்டிய அல்லது கட்டிக்கொண்டிருந்த தொகைக்குப் பக்கத்தில் வையுங்கள். எது இலாபம் என்பதை உங்கள் கொப்பியே சொல்லும். எமது குழுவில் இப்படி எழுதிப் பார்த்த பெண்களில் சிலர் போனோடு இருந்துகொண்டார்கள். சிலர் திரும்பவும் கேபிள் எடுத்தார்கள். இரண்டு முடிவும் சரியானவையே, ஏனெனில் இரண்டும் கணக்குப் பார்த்து எடுத்தவை. வாரந்தோறும் நுண்கடன் தவணை கட்டும் வீட்டில் இந்தக் கணக்கு மிகவும் அவசியம்.

தானாக ஓடி வருவது

இனி நான் எழுதப்போவது சிலருக்கு வாசிக்கக் கஷ்டமாக இருக்கலாம். ஆனாலும் எழுதாமல் விட முடியாது.

கேபிளில் எதைக் காட்டுவது என்பதை வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள் என்று மேலே குறிப்பிட்டேன். அது குறைதான். ஆனால் அதில் ஒரு பாதுகாப்பும் இருந்தது. இரவு ஒன்பது மணிக்கு நாடகம் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணின் முன்னால், முன்னறிவித்தல் இல்லாமல், போரின் இறுதி நாட்களின் காட்சி வந்து விழாது. யூரியூப்பில் அது வரும். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்ததைத் தானாக ஓடவிடும் வசதி அதில் இருக்கிறது. நாம் முன்பு எதைப் பார்த்தோம் என்பதை வைத்தே அடுத்ததை அது தெரிவு செய்கிறது. ஒரு தடவை நினைவேந்தல் வீடியோ ஒன்றைப் பார்த்தால், அதைப் போன்ற பத்து வீடியோக்கள் வரிசையில் நிற்கும். மே மாதத்தில் இது இன்னும் அதிகம்.

2011 இல் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி எமது போரின் இறுதிக் காலம் பற்றிய ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. ஒளிபரப்பு என்பது அந்த நேரத்தோடு முடிந்துவிடும். இணையத்தில் ஏறியவை முடிவதில்லை. துண்டுகளாக வெட்டப்பட்டு, தலைப்பு மாற்றப்பட்டு, யார் எங்கே எடுத்தது என்ற விபரம் இல்லாமல் அவை எந்த நேரமும் அங்கே கிடக்கின்றன.

காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் ஒரு தாய் இப்படியான ஒரு துண்டை வைத்திருந்தார். ஒரு நிமிடம்கூட இல்லாத வீடியோ. அதில் வரிசையாக நடந்துபோகும் ஆட்களுக்குள் ஒரு முதுகு. "சத்தத்தைக் குறைச்சுப் போட்டுத்தான் மிஸ் பாக்கிறனான். மகள் எழும்பிடுவாள்" என்றார். எத்தனை நாளாகப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "ஒவ்வொரு நாளும்" என்றார். சாப்பாடு குறைந்து, நித்திரை இல்லாமல், பகலில் தோட்ட வேலைக்குப் போக முடியாமல் இருந்தார்.

பார்க்க வேண்டாம் என்று அவருக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர் தேடுவது தன் பிள்ளையை. நாங்கள் இருவரும் இருந்து அந்த வீடியோவை ஒரு தடவை சேர்ந்து பார்த்தோம். அதன் தலைப்பு, அதை ஏற்றியவரின் பெயர், அந்த உருவம் தெரியும் நிமிடம், செக்கன், உடுப்பின் நிறம் எல்லாவற்றையும் தாளில் எழுதினோம். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் அவர் ஏற்கெனவே கொடுத்திருந்த முறைப்பாட்டின் இலக்கத்தையும் அந்தத் தாளில் எழுதி வைத்தோம். பின்னர் அவர் அந்தத் தாளை மடித்து, மகனுடைய பிறப்புச் சான்றிதழோடு பையில் வைத்தார். "இனி எழுத்தில கிடக்குது. மறந்துபோயிடுவன் எண்ட பயம் இல்லை" என்றார். அவர் இன்னும் சில நாட்களில் அதைப் பார்க்கிறார். ஆனால் ஒவ்வொரு இரவும் அல்ல.

இப்படியான நிலையில் உள்ள சகோதரிகளுக்கு, களத்தில் பயன்பட்ட சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

வீடியோவின் மேற்பகுதியில் இருக்கும் தானாக ஓடும் வசதியை நிறுத்தி வையுங்கள். தெரியாவிட்டால் பிள்ளைகளிடமோ எங்களிடமோ கேளுங்கள். ஒரு நிமிட வேலைதான்.

பார்க்க விரும்பாத வீடியோ முன்னால் வந்தால், அதன் ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு, ஆர்வமில்லை என்பதைத் தெரிவு செய்யுங்கள். தவறுதலாகப் பார்த்ததைப் பார்வை வரலாற்றிலிருந்து அழித்துவிடலாம். அழித்தால் அதைப் போன்றவை வருவது குறையும்.

தெரிந்த முகம் ஒன்றைக் கண்டதாக நினைத்தால், மேலே சொன்ன விபரங்களை எழுதி வையுங்கள். நம்பிக்கையான ஒருவரோடு இருந்து பாருங்கள். இரவில் தனியாகப் பார்க்காதீர்கள்.

"உங்கட மகன் இருக்கிற வீடியோ முழுசா என்னட்ட இருக்கு, காசு அனுப்புங்கோ" என்று யாராவது தொலைபேசியில் கேட்டால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களிடம் பொய்த் தகவல் சொல்லிப் பணம் பறித்த சம்பவங்கள் எமது பகுதிகளில் நடந்திருக்கின்றன. ஆசையைக் காட்டி ஏமாற்றுபவர்களுக்கு இந்த வீடியோத் துண்டுகள் புதிய கருவியாகிவிடக்கூடாது.

நித்திரை வராமலும் வேலை செய்ய முடியாமலும் இருந்தால், மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போவதில் வெட்கம் எதுவுமில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

பிள்ளைகளின் விடயத்திலும் இதே கவனம் வேண்டும். தாய் வேலைக்குப் போன வீட்டில் போன் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறது என்று நினைக்கிறோம். சிறுவர் பாட்டில் தொடங்கிய வரிசை எங்கே போய் முடியும் என்பது தாய்க்குத் தெரியாது. கேபிள் காலத்தில் பிள்ளை எதைப் பார்க்கிறது என்பது அடுப்படிவரை கேட்டது. இப்போது அது பிள்ளையின் காதோடு நின்றுவிடுகிறது. பிள்ளைகள் போனை வீட்டின் நடுவில் இருந்து, சத்தம் வெளியே கேட்கும்படி பார்க்கட்டும் என்பதை ஒரு வீட்டு ஒழுங்காக வைக்கலாம்.

கேபிளைக் கழற்றும் முன்னர்

புதியது வந்துவிட்டது என்பதற்காகப் பழையதை உடனே வெட்டிவிட வேண்டும் என்பதில்லை. புதியதைக் கண்டு அஞ்சவும் வேண்டியதில்லை. சில கிராமங்களில் எமது பெண்கள் தாங்களாகவே ஒரு நடுவழியைக் கண்டிருக்கிறார்கள். கிழமையில் ஒரு நாள், இணைய வசதி உள்ள தொலைக்காட்சி இருக்கும் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடுகிறார்கள். அந்தக் கிழமை தவறவிட்ட நாடகத்தையோ, ஒரு பழைய படத்தையோ தெரிவு செய்து பார்க்கிறார்கள். டேட்டாவுக்கு ஆளுக்கு ஐம்பது ரூபா போடுகிறார்கள். விளம்பர இடைவேளை வராததால், பேசுவதற்காக அவர்களே இடையில் நிறுத்துகிறார்கள். தேநீர் ஊற்றும் நேரம் வரை நிறுத்தி வைக்கலாம் என்பது கேபிளில் கிடைக்காத வசதி.

கேபிளைக் கழற்றுவதா வைத்திருப்பதா என்ற கேள்வி பல வீடுகளில் இப்போது பேசப்படுகிறது. பெரும்பாலும் போன் பாவிக்கத் தெரிந்த பிள்ளைகளே அந்த முடிவை எடுக்கிறார்கள். "ஒருதரும் பாக்கிறேல்லை, வீண் காசு" என்கிறார்கள். பகல் முழுவதும் வீட்டில் இருப்பவர் யார் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. கண் பார்வை மங்கிய, தொடுதிரையில் விரல் வைத்தால் ஏதோ பிழைத்துவிடும் என்று அஞ்சுகின்ற அம்மம்மாவுக்கு, ரிமோட்டின் ஒரே ஒரு பொத்தான் மட்டுமே தெரியும். அதை அழுத்தினால் மனிதக் குரல் கேட்கும். கம்பியைக் கழற்றிய அன்றிலிருந்து அந்த வீட்டில் பகல் முழுவதும் அவருடன் பேசுவதற்கு ஒருவரும் இல்லை. அவர் வாய்திறந்து கேட்கவும் மாட்டார். முகாமில் வரிசையில் நின்று பழகியவர்கள் தமக்கென்று எதையும் கேட்பதில்லை.

ஆகவே அந்த முடிவை எடுக்கும் நாளில் வீட்டிலுள்ள எல்லோரும் ஒன்றாக இருங்கள். கொப்பியில் எழுதிய கணக்கை வாசியுங்கள். யார் எந்த நேரத்தில் எதைப் பார்க்கிறார்கள், யாருக்கு எது துணை என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். முதலில் வீட்டின் மூத்த பெண்ணிடம் கேளுங்கள்.